நூற்று முப்பத்து மூன்று மூன்றால் போகாது

கணக்கு டீச்சரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். நேர்மையான மனுசி, வாயில் பொய்யே வராது, பிள்ளைகளுக்காக ஓடியாடி உழைத்தவர் என்பார்கள். அத்தனையும் உண்மை. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மாற்றலாகி வேறு கல்வி வலயத்துக்குப் போய்விட்டார். என் கோபம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இதை வாசித்துவிட்டு, "ரெண்டாவது பந்தியில ஒரு தப்பு இருக்கு டீச்சர்" என்று போன் போட்டுச் சொல்லக்கூடியவர் அவர்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில் உள்ள ஒரு பாடசாலையில் நாங்கள் இருவரும் படிப்பித்தோம். அவர் கணக்கு, நான் தமிழ். இருவரும் தலவாக்கலையில் ஒரே பஸ் ஏறுவோம். மழையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற எல்லோரும் வருகிற பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். இவர் இலக்கத்தகட்டைப் பார்ப்பார். பார்த்தவுடன் உதடு அசையத் தொடங்கும். ஒருநாள் எங்கள் பஸ்ஸே வந்து நின்றது. கண்டக்டர் கத்தினார், சனம் ஏறியது. இவர் என் கையைப் பிடித்து நிறுத்திவைத்துக்கொண்டு நின்றார். பஸ் போய்விட்டது.

"என்னா டீச்சர் இது?" என்றேன்.

"எட்டால போகுமான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். போகல."

பஸ் போனது அவருக்குப் பெரிதில்லை. அன்றைக்கு இருவரும் பிந்திப் போய், வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டோம்.

அவருக்கு எண்களில் ஒரு கிறுக்கு இருந்தது. ஓர் எண்ணைக் கண்டால் அதன் இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து, அந்த எண்ணையே அவற்றால் வகுத்துப் பார்ப்பார். ஆசிரியர் அறையில் ஒருநாள் எனக்கு விளக்கினார்.

"முப்பத்தாற பாருங்க டீச்சர். உள்ளுக்கு யாரு இருக்கா? மூணும் ஆறும். மூணுக்கும் மிச்சமில்லாம பங்கு போகுது, ஆறுக்கும் போகுது. தன் வீட்டுல இருக்கிற ஒருத்தரையும் அது பட்டினி போடல. அதான் நல்ல நம்பர்."

"அப்ப முப்பத்தேழு?"

"அது மூணுக்கும் குடுக்காது, ஏழுக்கும் குடுக்காது. கஞ்சப்பய நம்பர்."

நான் சிரித்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் பல வகை வைத்திருந்தார். இலக்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் வகுபட்டால் அது 'கூட்டு நம்பர்'. பதினெட்டில் ஒன்றையும் எட்டையும் கூட்டினால் ஒன்பது, பதினெட்டு ஒன்பதால் போகும். பதினான்குக்குக் காரணிகள் நான்கு, அந்த நான்கு பதினான்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அது இன்னொரு வகை. இப்படிப்பட்ட எண் தொடர்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஓர் இணையத்தளம் உண்டாம். நாங்கள் இடைவேளையில் போனில் நாடகம் பார்த்தால் இவர் அதைப் பார்ப்பார். அடுத்த எண் என்ன என்று தானே கண்டுபிடித்துவிட்டுத்தான் கீழே தள்ளிப் பார்ப்பார். யாருக்கும் தொந்தரவில்லாத கிறுக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

தொந்தரவு என் வீட்டிலேயே முதலில் வந்தது. என் வீட்டுக்காரர் த்ரீவீல் ஒன்று எடுத்தார். எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் பூசி, வாசலில் நிறுத்தியிருந்தார். அந்தப் பக்கம் வந்த இவரிடம் பெருமையாக, "எப்பிடி டீச்சர் நம்பரு?" என்று கேட்டார். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இவர் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. "நல்ல நம்பர் இல்லைங்க. அஞ்சு கெடுக்குது" என்றார்.

அடுத்த வாரம் நானுஓயா ஏற்றத்தில் டயர் போனதற்கு இவர்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நம்புகிறார். அவர் அதைச் சொல்லாத ஆள் தலவாக்கலை ஸ்டாண்டில் இல்லை. கணக்கு டீச்சர் நம்பர் பார்த்தால் பலிக்கும் என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. நான் இவரிடம் போய், "ஒரு 'நல்லா இருக்குங்க' சொன்னா வாய் நோகுமா?" என்று கேட்டேன். "அஞ்சால போகலயே டீச்சர்" என்றார். சண்டை போடவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர்கள், பாடத்திட்டம் முடிந்ததா என்று கேட்டால் முடிந்தது என்பதுதான் வழமை. எல்லோரும் முடிந்தது என்றோம். இவர் மட்டும், "எனக்கு ரெண்டு பாட அலகு மிச்சமிருக்கு. மத்தவங்களுக்கும் இருக்கும், மழைக்கு அத்தன நாள் பள்ளிக்கூடம் நடக்கலயே" என்றார். கேட்காததற்கும் சேர்த்துச் சொல்லுகிற வாய். அந்தத் தவணை முழுக்கப் பின்னேர வகுப்பு எடுத்தது நாங்கள் எல்லோரும்தான். அவர் சந்தோசமாக எடுத்தார். கைப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்த எங்கள் ஆரம்பப்பிரிவு டீச்சர் கண்கலங்கிக்கொண்டு எடுத்தார். அவருடைய உண்மைக்கு எப்போதும் பக்கத்தில் நின்றவர்கள்தான் கட்டினார்கள்.

இனி அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன்.

சாதாரணதரப் பரீட்சைக்கு அனுமதி அட்டைகள் வந்திருந்தன. பெற்றோரையும் அழைத்து, பரீட்சைக்கு எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லி, அட்டையைக் கையில் கொடுப்பது எங்கள் பாடசாலை வழக்கம். பதினோராம் வகுப்புக்கு இவர்தான் வகுப்பாசிரியர். அட்டையில் உள்ள பரீட்சைச் சுட்டெண்ணில் முன்னால் வரும் இலக்கங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. கடைசி மூன்றுதான் மாறும். இவருக்கு அது போதாதா? ஒவ்வோர் அட்டையாக எடுத்து, கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கொடுத்தார்.

"நூத்தி இருவத்தி எட்டு. ரெண்டுக்கும் போகுது, எட்டுக்கும் போகுது. நல்ல நம்பர்டா ஒனக்கு. நூத்தி முப்பத்தி ரெண்டு, நல்ல நம்பர். நூத்தி முப்பத்தி மூணு... சே. மூணு ரெண்டு தடவ இருந்தும் மூணால போகல பாரு. இது நல்ல நம்பர் இல்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு இந்த விளையாட்டு தெரியும். பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்த பெற்றோருக்குத் தெரியாது. அவர்கள் கேட்டதெல்லாம், நம்பர் பார்த்தால் பலிக்கிற கணக்கு டீச்சர், பரீட்சை நம்பரைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு நல்லதில்லை என்று சொன்னதுதான். அவரோடு நானும் மேசையருகே நின்றேன். வாங்கில் ஒரு முணுமுணுப்பு ஓடியது எனக்குக் கேட்டது. இவர் அடுத்த அட்டையை எடுத்துவிட்டார்.

நூற்று முப்பத்து மூன்று தோட்டத்து மேல்பிரிவில், லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி. தாய் கொழுந்து எடுக்கப் போகிறவர். தகப்பன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் சறுக்கி விழுந்து முதுகு போனவர், நெடுநேரம் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்க ஆள் வேண்டும் என்று தரகர் ஒருவர் அவரிடம் வந்து போய்க்கொண்டிருந்தார். பரீட்சை முடியட்டும் என்று தாய் பிடிவாதமாக நிறுத்திவைத்திருந்தாள். தகப்பனுக்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது. அதை இவர் மேசையில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டொரு நாளில் அந்தத் தாய் இடுப்பில் கட்டிய கொழுந்துப் படங்கைக்கூட அவிழ்க்காமல் கணக்கு டீச்சரைத் தேடி ஆசிரியர் அறைக்கு ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா, நம்பரே சரியில்லன்னு டீச்சரே சொல்லிட்டாங்க, இனி எதுக்கு எழுதிக்கிட்டு, கொழும்புக்கே போகட்டும்ங்கிறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. சரியா பாக்கல, நல்ல நம்பருதான்னு சொல்லிட்டா போதும். அவரு வாயடச்சிப் போயிருவாரு."

"அக்கா, அந்த நம்பருக்கும் பரீட்சைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அது சும்மா ஒரு கணக்கு" என்றார் இவர்.

"அது எனக்குத் தெரியும்மா. அவருக்குத் தெரியாதே. நல்ல நம்பருன்னு சொல்லுங்கம்மா."

"மூணால போகலயே அக்கா. எப்பிடிச் சொல்றது?"

அந்தத் தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உடனே, "நான் வந்து சொல்றேன்" என்றேன். அன்று பின்னேரமே போய்ச் சொன்னேன். கணக்கு டீச்சர் அவசரத்தில் பிழையாகப் பார்த்துவிட்டார், அது அருமையான நம்பர் என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னேன். தகப்பன் விடவில்லை. "நீங்க தமிழ் டீச்சருங்க. அவங்களே வந்து சொல்லட்டும்" என்றார்.

இரவெல்லாம் போன் கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றையும் மூன்றையும் மூன்றையும் கூட்டினால் ஏழு. நூற்று முப்பத்து மூன்றை ஏழால் வகுத்தேன். பத்தொன்பது, மீதியில்லை! எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. காலையில் பஸ் ஸ்டாண்டில் இவரைப் பிடித்து, "டீச்சர், அது கூட்டு நம்பர்! ஏழால போகுது! பொய்யே சொல்ல வேணாம், அதச் சொல்லுங்க" என்றேன்.

"தெரியும். அட்டைய குடுக்கிறப்பவே பாத்தேன்."

"தெரியுமா? பிறகு ஏன் சொல்லல?"

"தேடினா எந்த நம்பருக்கும் ஒரு பெரும கெடைக்கும் டீச்சர். வேணுங்கிறதுக்காகத் தேடி எடுத்தா அது சாத்திரம், கணக்கு இல்ல. இன்னைக்கு நம்பர் நல்லதுதான், போய் எழுதுன்னு சொல்லிட்டா, நம்பர்தான் பரீட்சைய முடிவு பண்ணுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு நூத்தி முப்பத்தி நாலோட அப்பா வருவாரு. அது நல்ல நம்பரும் இல்ல, கூட்டு நம்பரும் இல்ல. அந்தப் புள்ளைய என்னா செய்யச் சொல்றீங்க?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நூற்று முப்பத்து நான்கின் அப்பா வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போது நிற்பது இந்தப் பிள்ளை அல்லவா? நான் கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில், வந்து தகப்பனிடம் பேசுவதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

மேல்பிரிவுக்கு ஏறும்போது வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ஒன்றும் பேச வேண்டாம், நான் பேசுகிறேன், தலையை ஆட்டினால் போதும் என்றேன். லயத்துக் காம்பரா அறையில் தகப்பன் சுவரோடு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். குடிக்கச் சாயத் தண்ணி கொடுத்தார்கள். பிள்ளை குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

இவர் பேசினார். நன்றாகத்தான் பேசினார். எண் என்றால் என்ன, வகுபடுவது என்றால் என்ன, இது தான் விளையாட்டாக வைத்த பெயர், இதை வைத்துப் பிள்ளையின் தலைவிதியைச் சொல்ல முடியாது என்று பொறுமையாக, ஒரு வகுப்பே எடுத்தார். தகப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தலையைக்கூட ஆட்டினார்.

"சரிங்க டீச்சர். அப்ப அது நல்ல நம்பரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

நான் இவர் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"இல்லைங்க அண்ணே."

தகப்பன் மனைவியைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா?" என்றார். பிறகு, அவருக்கே கொஞ்சம் ஈரம் வந்ததோ என்னவோ, "புள்ள பாஸ் பண்ணுமா?" என்று கேட்டார்.

இதற்காவது ஆமாம் என்று சொல்லக்கூடாதா? "கணக்குல நிச்சயமா. தமிழ்லயும் பண்ணுவா. இங்கிலீசுல சந்தேகம்தான்" என்றார் இந்தப் புண்ணியவதி.

இறங்கி வரும்போது பாலத்தடியில் அடக்க முடியாமல், "ஒங்க உண்மையால ஒங்களுக்கு என்னைக்காவது ஒரு நட்டம் வந்திருக்கா டீச்சர்? எவ வீட்டுப் புள்ளையோ போகுது" என்றேன். அவர் நின்றார். முகம் வெளுத்திருந்தது. பிறகு நடந்தார்.

பரீட்சை தொடங்குவதற்கு முந்தின நாள் தகப்பன் முதுகில் பட்டியைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டு வந்தார். வீடு எங்கே என்று தாயிடம்கூடச் சொல்லவில்லை. அவள் தரகர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கத்தி, அடுத்த நாள் மாலையில்தான் விலாசத்தை வாங்கினாள். அதற்குள் முதல் தாள் முடிந்துவிட்டது. விடிந்தால் தமிழ்.

விலாசம் கிடைத்ததும் தாய் இவரிடம்தான் ஓடினாள், என்னிடம் அல்ல. இவர் விடிய முன்னமே புறப்பட்டு, கிடைத்த முதல் வண்டியில் கொழும்புக்குப் போனார். எங்கள் பிள்ளைகள் மண்டபத்தில் தமிழ் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் வழியில் இருந்திருக்கிறார். நூற்று முப்பத்து மூன்று ஒட்டியிருந்த மேசையில் வினாத்தாள் மட்டும் கிடந்தது என்று பிள்ளைகள் வந்து சொன்னார்கள்.

அங்கே நடந்ததை அந்தப் பிள்ளைதான் பிறகு எனக்குச் சொன்னாள். வீட்டுக்கார அம்மா கேட்டுக்குள்ளிருந்தே, "நீங்க யாரு, அம்மாவா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நொடியே அனுப்பியிருப்பார்கள். இவர் அங்கேயும் மாறவில்லை. "இல்லைங்க. நான் கணக்கு டீச்சர். இந்தப் புள்ளைக்கு இன்னும் பதினாறு முடியல. இன்னைக்கு அது பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கணும்" என்றாராம். பதினெட்டு என்று தரகர் சொல்லியிருந்தாராம். அந்த அம்மா பயந்துபோய்ப் பையைக் கொண்டுவந்து வெளியே வைத்துவிட்டார். ஆக, அதே உண்மைதான் கூட்டியும் வந்தது. இதைச் சொல்லித்தான் ஊரில் இவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள்.

மீதித் தாள்களைப் பிள்ளை எழுதினாள். பெறுபேறு வந்தது. கணிதம் ஏ. இங்கிலீஷ்கூட சித்தி, பாஸ். தமிழுக்கு நேரே, பரீட்சைக்குத் தோற்றவில்லை என்று இருந்தது. தாய்மொழி சித்தியில்லாமல் உயர்தரப் படிப்பு கிடையாது. என் பாடம்! பேச்சுப் போட்டியில் வலய மட்டம் வரை போன பிள்ளைக்கு என் பாடத்தில் அந்த வார்த்தை. நான் பெறுபேற்றை இவர் முன்னால் போட்டேன். அவர் கணிதத்தைப் பார்க்கவில்லை. தமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கு இரக்கம் வந்தது. வந்ததற்காக என் மேலேயே எரிச்சல்பட்டேன்.

அடுத்த வருஷம் அவளை மறுபடியும் விண்ணப்பிக்க வைத்தோம். மறுபடியும் அட்டைகள் வந்தன. இந்த முறை இவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. தகப்பனே கம்பை ஊன்றிக்கொண்டு அட்டை வாங்க வந்திருந்தார். அவள் அட்டை வந்தபோது இவர் அதைக் கவிழ்த்துப் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"தமிழ் டீச்சர், இத நீங்க குடுங்க."

நான் வாங்கினேன். எண்ணை வகுத்தெல்லாம் பார்க்கவில்லை. "நல்ல நம்பருங்க" என்று தகப்பனிடம் கொடுத்தேன். அவர் என்னை நம்பாமல் இவரைப் பார்த்தார்.

"டீச்சர்?"

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் தகடு, டிக்கெட், லயத்துக் கதவு என்று கண்ணில் படுகிற ஒரு நம்பரையும் விடாத மனுசி, முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

"நான் பாக்கல அண்ணே" என்றார்.

தகப்பன் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளை எழுதினாள், சித்தியடைந்தாள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உயர்தரம் படித்தாள். எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். அன்றைக்கு அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் பார்க்கவில்லை, அதைத்தான் சொன்னார். பார்க்காமல் இருக்க அவருக்குத் தெரிந்திருந்தது. அதை ஒரு வருஷம் முந்திச் செய்திருந்தால் என்ன?